பிஸ்கட் கம்பெனி போட்டுத் தரும் விளையாட்டுத் திடல்

உடல் பருமனைக் குறைக்க அரசும் தனியார் நிறுவனங்களும் கைகோப்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஆறுக்கு இங்கே பதில். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை மிகுந்தவர்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய சுற்றில் இது 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு கடிதங்கள் வந்தன என்று நினைக்கிறோம்.

*

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் திடலைச் சமன்படுத்தி, கூடைப்பந்துத் தளமும் போட்டுத் தர ஒரு பிஸ்கட் கம்பெனி முன்வந்திருக்கிறது. பதிலுக்குச் சுற்றுச்சுவரில் பெயர் எழுத வேண்டும், விளையாட்டு விழாவில் மாதிரிப் பாக்கெட் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் குழுவில் இரண்டு கட்சி. வாங்கலாமா?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், நாமக்கல் மாவட்டம்

திடலை வாங்கலாம். பாக்கெட்டை வாங்க முடியாது. இதில் உங்கள் குழு ஓட்டெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளி உணவு விதிகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. கிரீம் பிஸ்கட்டுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. “இது பிஸ்கட் இல்லை, ஹெல்த் டிரிங்க்” என்று மால்ட் பவுடர் பொட்டலத்தோடு வந்தாலும் ஏமாறாதீர்கள். இந்திய உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. இதைக் காட்டித்தான் 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது.

அடுத்து சுவர் எழுத்து. கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பணம் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கிலிருந்து வருகிறதா, மார்க்கெட்டிங் கணக்கிலிருந்து வருகிறதா?” தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதி தெளிவாகச் சொல்கிறது. சி.எஸ்.ஆர். என்று பதில் வந்தால் சுவரில் பிராண்டு பெயரைக் கேட்பது அவர்களுக்கே சிக்கல். மார்க்கெட்டிங் என்று வந்தால், உங்கள் சுவரை விளம்பரப் பலகையாக மலிவு வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று பொருள். எப்படியும் பேச்சின் தொனி மாறிவிடும். நன்றி சொல்ல அலுவலக அறைக்குள் ஒரு சிறு கல்வெட்டு போதும்.

பணத்தைத் தலைமை ஆசிரியர் கையில் வாங்காமல், அரசுப் பள்ளிகளுக்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ நன்கொடைத் திட்டம் வழியாக வாங்குவது நல்லது. ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி பராமரிப்பைப் பற்றியது: குறைந்தது மூன்று ஆண்டுக்கு வலை, வளையம், தரைவிரிசல், வடிகால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தளம் போடும்போது நூறு அடிக்கு ஒரு அடி சரிவு வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் குளமாகி, அடுத்த கோடையில் பெயர்ந்து வரும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். இன்னொரு வரி: மாணவர்களின் உயரம், எடை, தொலைபேசி எண் எதுவும் கம்பெனிக்குப் போகக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் திடல் மட்டும் எடையைக் குறைத்துவிடாது. வட பிரான்சில் ஃப்ளோர்பே, லாவாந்தி என்ற இரண்டு சிற்றூர்களில் 1992இல் பள்ளிகளில் சத்துணவுப் பாடம் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகளில் பிள்ளைகளின் எடை குறையவில்லை, கூடியது. பிறகு நகராட்சி, மருத்துவர்கள், விளையாட்டுக் கழகங்கள், கடைக்காரர்கள் என ஊரே சேர்ந்தது. 2004இல் அந்த ஊர்ப் பிள்ளைகளில் எடை மிகுந்தோர் 8.8 சதவீதம், ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்து ஊர்களில் 17.8.

உங்கள் பள்ளியில் முதலில் மீட்க வேண்டியது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிய பி.டி. பீரியடை. அது முடியவில்லையென்றால் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி 2012இல் ஆரம்பித்த வழி இருக்கிறது: தினமும் 15 நிமிடம், சீருடையிலேயே, போட்டியில்லாமல், ஓடியோ நடந்தோ திடலைச் சுற்றுவது. அதற்குக் கூடைப்பந்துத் தளம்கூட வேண்டாம். நம் வெயிலுக்கு இதைக் காலை வழிபாட்டுக்கு அடுத்தே வைத்துவிட வேண்டும். பதினொரு மணிக்கு வைத்தால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் திடலுக்கு வருவது குறையும். அவர்களுக்கென்று வாரத்தில் சில நாள் மாலை திடலை ஒதுக்குங்கள், அருகிலேயே தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இருக்கட்டும். கம்பெனி “இன்னும் என்ன செய்யட்டும்” என்று கேட்டால் அந்தக் கழிப்பறையைக் கேளுங்கள்.

*

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். நியூட்ரி-கிரேட் ‘பி’ போட்ட பானம்தான் வாங்குகிறேன், தினம் ஒரு 500 மி.லி. பாட்டில். சரிதானே?
— வாசகர், உட்லண்ட்ஸ்

நியூட்ரி-கிரேட் என்பது பானங்களுக்குச் சிங்கப்பூர் போடும் ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான தர எழுத்து. அந்த எழுத்து 100 மி.லி.க்கு உரியது, பாட்டிலுக்கு அல்ல. ‘பி’ என்றால் 100 மி.லி.யில் 1 முதல் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அப்படியானால் உங்கள் பாட்டிலில் 25 கிராம் வரை. ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் இந்தியச் சத்துணவு நிறுவனத்தின் அறிவுரை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, 2 கிராமுக்குக் கீழே உள்ளதை எடுங்கள், அல்லது பாதியைக் குடியுங்கள். கோப்பிக் கடையில் ‘சியூ தாய்’ என்றால் சர்க்கரை குறைவுதான், இல்லாமல் இல்லை. ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் வேண்டுமென்றால் ‘தே சி கொசோங்’.

*

கம்பெனிகள் தாமாகவே சர்க்கரையையும் உப்பையும் குறைப்பதாக உறுதி கொடுப்பதை நம்பலாமா? பேசாமல் சட்டம் போட்டுவிடலாமே?
— கல்லூரி மாணவி, திருச்சி

இதற்குப் பதில் பிரிட்டனில் இருக்கிறது. ஒரே காலகட்டத்தில் இரண்டு வழியையும் அங்கே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

குளிர்பானங்களுக்கு வரி: 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரல் 6 முதல் வசூலித்தார்கள். 100 மி.லி.யில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில், 5 முதல் 8 கிராமுக்குள் லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ். அறிவிப்புக்கும் வசூலுக்கும் நடுவே இருந்த இரண்டு ஆண்டில் கம்பெனிகள் செய்முறையை மாற்றிக்கொண்டன. வரிக்குள் வரும் பானங்களில் சராசரிச் சர்க்கரை நாற்பது சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. பிஸ்கட், கேக், சாக்லேட், காலை உணவுத் தானியங்களுக்கோ வரி இல்லை, 2020க்குள் 20 சதவீதம் குறையுங்கள் என்ற வேண்டுகோள் மட்டும். குறைந்தது சுமார் 3.5 சதவீதம்.

இதை மட்டும் பார்த்தால் சட்டம்தான் வழி என்று தோன்றும். ஆனால் அதே நாட்டில் உப்பு விஷயத்தில் சட்டமில்லாமலே காரியம் நடந்தது. 2003–04 வாக்கில் உணவுத் தர முகமை ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனி வரம்பு எழுதத் தொடங்கியது: ரொட்டிக்கு இவ்வளவு, சீஸுக்கு இவ்வளவு, சூப்புக்கு இவ்வளவு, இந்த ஆண்டுக்குள். மக்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அரசே உப்பை அளந்தது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 9.5 கிராமாக இருந்தது 2011இல் 8.1 ஆனது. ரொட்டிக்காரர் ஒருவர் மட்டும் உப்பைக் குறைத்தால் அவர் ரொட்டி சப்பென்று இருக்கும், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எல்லாரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது, யாருக்கும் வியாபார நஷ்டம் இல்லை. வரம்பு எழுதித் தர அரசு, எல்லாரும் குறைக்கிறார்கள் என்ற நம்பிக்கை, வெளியிலிருந்து அளக்க ஒருவர்: இந்த மூன்றும் இருந்ததால் வாக்குறுதி வேலை செய்தது. 2011இல் புதிய அரசு ‘பொறுப்பு ஒப்பந்தம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து, எதைக் குறைப்பது என்பதைக் கம்பெனிகளே தேர்ந்தெடுக்க விட்டது. இறக்கத்தின் வேகம் அதோடு தளர்ந்தது. 2015இல் அந்த ஒப்பந்தமும் முடிந்தது.

கம்பெனிகளையும் நலவாழ்வு அமைப்புகளையும் சேர்த்து ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய உணவு–உடற்பயிற்சி மேடையும் இப்படித்தான் போயிற்று. 300க்கும் மேற்பட்ட உறுதிமொழிகள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை என்ன செய்தோம் என்பதை எண்ணின, எத்தனை துண்டறிக்கை அச்சிட்டோம் என்பதுபோல. யாருடைய தட்டில் என்ன மாறியது என்று எண்ணவில்லை. 2019இல் நலவாழ்வு அமைப்புகள் வெளியேற, மேடை கலைந்தது.

சிங்கப்பூர் வாக்குறுதி, சட்டம் இரண்டையும் பிணைத்தது. 2017இல் ஏழு பெரிய பானக் கம்பெனிகள் 2020க்குள் சர்க்கரையை 12 சதவீதத்துக்கு மேல் போக விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. 12 என்பது தாராளமான வரம்புதான். அதற்குப் பின்னாலேயே 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் எழுத்து முத்திரை சட்டமாக வந்தது. கடைசித் தரமான ‘டி’ வாங்கிய பானத்துக்கு விளம்பரத் தடை. பானங்களின் இடைநிலைச் சர்க்கரை 2017இல் 7.1 சதவீதமாக இருந்தது 2023இல் 4.6க்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். எண்ணெய், கொழுப்புகளில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை (இதயத்துக்குக் கெடுதலான ஒரு வகை) 2021இல் 3 சதவீதம், 2022இல் 2 சதவீதம் என்று தேதி குறித்து இறக்கினார்கள், தொழிலும் பின்தொடர்ந்தது. குளிர்பான வரியில் அந்தச் சூட்சுமம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ஆனால் 100 மி.லி.யில் 11 கிராம் சர்க்கரை இருந்தாலும் 3 கிராம் இருந்தாலும் அதே 40தான். சர்க்கரையைக் குறைக்கும் கம்பெனிக்கு ஒரு பைசா லாபமில்லாத வரியால் செய்முறை மாறாது.

பிரிட்டன் வரியில் யாரும் எதிர்பாராத ஒரு சங்கடமும் வந்தது. லூகோசேட் என்ற பானத்தில் சர்க்கரை பாதிக்கும் கீழே போனது. இன்சுலின் போடுபவர்கள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் குடிக்க அதைத்தான் பையில் வைத்திருந்தார்கள். பழைய அளவு இனி போதாது என்று அவர்களைத் தனியாக எச்சரிக்க வேண்டியதாயிற்று. செய்முறையை மாற்றும்போது யார் எதற்காக அந்தப் பொருளை வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

*

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் தினம் 300 பேர் மதியம் சாப்பிடுகிறார்கள், கான்ட்ராக்டர் நடத்துகிறார். மாவட்டச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து ‘ஆரோக்கிய கேன்டீன்’ ஆக்க நிர்வாகம் விரும்புகிறது. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அடுத்து?
— மனிதவளப் பிரிவு, ஓசூர்

போஸ்டரை விட்டுவிட்டு ஸ்டோர் லெட்ஜரை எடுங்கள். போன மாதம் எத்தனை டின் எண்ணெய், எத்தனை கிலோ உப்பு வாங்கினார்கள், எத்தனை சாப்பாடு போனது என்பது அதில் இருக்கும். 300 பேர், 26 நாள் என்றால் 7,800 சாப்பாடு. 15 லிட்டர் டின் 14 போயிருந்தால் 210 லிட்டர், தலைக்கு 27 மி.லி., எடையில் சுமார் 24 கிராம். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாள் முழுவதற்கும் 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய் போதும். அதை மதியத்திலேயே முடித்துவிடுகிறீர்கள். உப்பு 45 கிலோ போயிருந்தால் தலைக்கு 5.8 கிராம். ஒரு நாள் வரம்பே 5 கிராம்.

இந்த இரண்டு எண்ணையும் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். கோளாறு மாஸ்டரின் கைப்பழக்கத்தில் மட்டும் இல்லை, ஒப்பந்தத்திலும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று மொத்த விலை பேசினால், கான்ட்ராக்டர் விலை குறைந்த சாதத்தால் வயிற்றை நிரப்பி, விலை கூடிய காயைக் கரண்டி நுனியில் வைப்பார். அது அவர் குற்றமில்லை, கணக்கு அப்படி. சமைத்த காய் (பொரியல், கூட்டு சேர்த்து) 150 கிராமுக்குக் குறையக் கூடாது, எண்ணெய் 15 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, ஒரு முட்டையோ அதற்கு ஈடான சுண்டலோ உண்டு என்று எழுதி, அதற்குத் தக்க விலை கூட்டிக் கொடுங்கள். விலை கூட்டாமல் நிபந்தனை மட்டும் கூட்டினால் பருப்பு தண்ணீராகும்.

எண்ணெயை ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம். மாதத்துக்கு 2 மி.லி. வீதம் ஆறு மாதத்தில் 27இலிருந்து 15க்கு வரலாம். காலையில் அன்றைய எண்ணெயை மட்டும் அளந்து வெளியே எடுத்து, ஸ்டோரைப் பூட்டுங்கள். டின்னைச் சாய்த்து ஊற்றும் வழக்கம் இருக்கும்வரை எந்தக் கணக்கும் நிற்காது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தனியாக அளந்து கழியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு கூடுதலாகக் காட்டும். உப்பை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறையுங்கள். நான்கு படியில் 3.8 கிராமுக்கு வரும். இதை அறிவிக்காதீர்கள். “இன்று முதல் உப்புக் குறைவு” என்று எழுதிய அன்றே குழம்பில் உப்பில்லை என்று புகார் வரும், அறிவிக்காவிட்டால் வராது. அதோடு மேஜையில் உள்ள உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கேட்டால் தரும் இடத்தில் வையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் அப்படியே இருந்தால் குறைத்ததெல்லாம் அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். சோடியம் குறைந்த பொட்டாசியம் உப்பைப் பொதுச் சமையலில் போட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து, 300 பேரில் அப்படி யாராவது இருப்பார்கள்.

டீக்குச் சர்க்கரையைத் தனியாக வையுங்கள். ஒரு டீக்கு இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம், நாளுக்கு மூன்று டீ என்றால் 30 கிராம். மாலை நான்கு மணிக்கு வடையின் விலையைவிடச் சுண்டலின் விலை இரண்டு ரூபாயாவது குறைவாக இருக்கட்டும்.

எல்லாருக்கும் ஒரே அளவு என்று போட்டுவிடாதீர்கள். லோடிங், ஃபவுண்டரி பிரிவில் கடுமையாக உழைக்கும் ஆணுக்கு நாளுக்கு 40 கிராம் எண்ணெய் தகும், சோறும் அதிகம் வேண்டும். அவர் தட்டைக் குறைத்தால் கேட்டுக்கு வெளியே உள்ள பரோட்டா கடைக்குப் போவார். ஆகவே மாதாமாதம் பார்க்க வேண்டிய இன்னொரு எண், சாப்பிட வரும் தலைக்கணக்கு. அது இறங்கினால், உங்கள் எண்ணெய்க் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் திட்டம் தோற்றுக்கொண்டிருக்கிறது. சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியது பேச்சாளரை அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு (ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரம்பு) எடுத்துத் தரும் ஆளைக் கேளுங்கள். லெட்ஜரையும் அவர்களே சரிபார்க்கட்டும், கான்ட்ராக்டர் தானே தனக்கு மார்க் போட வேண்டாம்.

*

ஹோட்டல் வைத்திருக்கிறேன். பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்? மிஞ்சியதை வாங்க ஆள் வருகிறார், கொடுக்கலாமா?
— மதுரை

எத்தனை முறை என்று சட்டத்தில் இல்லை. எண்ணெயில் ‘மொத்தத் துருவச் சேர்மங்கள்’ (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். கையடக்கக் கருவி ஒன்றால் அளக்கலாம். கருவி இல்லையென்றால் நுரை அடங்காமல் நிற்பது, பிசுபிசுப்பு, வழக்கமான சூட்டிலேயே புகைவது ஆகியவை அடையாளம். 170–180 டிகிரிக்கு மேல் காய்ச்சாமல், தூளை அன்றாடம் வடிகட்டி, சட்டிக்கு மேலே நின்று உப்புத் தூவாமல் இருந்தால் எண்ணெய் நாள்படும். பழைய எண்ணெயில் புதியதைக் கலந்து நிரப்பினால் புதியதும் விரைவில் கெடும்.

வருகிற ஆளிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ரூக்கோ’ (பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும்) திட்டத்தில் பதிவான சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எண்ணெய் பயோடீசலுக்குப் போகும். இல்லையென்றால் வேறு ஒரு பஜ்ஜிக் கடைக்குத்தான் போகும். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர் பதிவேடு வைத்தே ஆக வேண்டும்.

*

ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து ஊழியர்களுக்கு ‘தினம் 10,000 அடி’ போட்டி நடத்தப்போகிறோம். முதலிடத்துக்கு ஸ்மார்ட் வாட்ச். எதைக் கவனிக்க வேண்டும்?
— மென்பொருள் நிறுவனம், சென்னை

முதலிடத்துக்கு வாட்ச் கொடுத்தால், ஏற்கெனவே மெரினாவில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வாட்ச் கிடைக்கும். 3,000 அடி நடப்பவர் இரண்டாம் நாளே பட்டியலைப் பார்த்துவிட்டு விலகுவார். மூன்றாம் வாரத்தில் யாரோ போனை ஊஞ்சலில் கட்டியிருப்பார்.

10,000 என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்பதுதான். முதல் இரண்டு வாரம் எந்தப் போட்டியும் இல்லாமல் அவரவர் வழக்கத்தை மட்டும் அளங்கள். பிறகு அவரவர் சராசரிக்கு மேல் 1,000 முதல் 1,500 அடி என்பதே அவரவர் இலக்கு. எட்டு பேர் குழுவாக, குழுவில் எத்தனை பேர் தம் இலக்கைத் தொட்டார்கள் என்று எண்ணுங்கள். பரிசு சிறியதாக, வாரந்தோறும். சிங்கப்பூர் 2015இல் தொடங்கிய தேசிய அடிப் போட்டியில் சாதாரணக் கைப்பட்டையை இலவசமாகக் கொடுத்து, நடக்க நடக்கச் சிறுசிறு கடைக் கூப்பன்களாகத் தந்தது இதனால்தான்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு நாள் கணக்கு நள்ளிரவில் மாறினால் அவர்கள் அடி இரண்டாகப் பிளந்து இரண்டு நாளும் தோற்பார்கள். செயலியில் அதை மாற்ற முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். மருத்துவமனை இலவசப் பரிசோதனை தந்தால், முடிவு ஊழியருக்கு மட்டும் போகிறதா, உங்கள் மேலாளருக்கும் போகிறதா, அடுத்த வாரம் ‘பேக்கேஜ்’ விற்கத் தொலைபேசி வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சர்க்கரை கூடியிருப்பதாகக் கண்டவரைத் தொடர்ந்து பார்க்க அந்த மருத்துவமனைக்கே வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.

நீரிழிவுக்காரர்களிடம் தொடக்கத்திலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: பாதத்தைத் தினம் பார்க்க வேண்டும், செருப்புக்குப் பதில் மூடிய ஷூ வேண்டும், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ (இரண்டும் ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடலாம்) எடுப்பவர் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும்.